தலசீமியாவும் நான்கு கட்டப் படமும்

மேலே ஒரு தாய், ஒரு தந்தை. இருவருக்கும் பாதி உடல் வெள்ளை, பாதி உடல் கறுப்பு. கீழே நான்கு குழந்தைகள். ஒன்று முழு வெள்ளை, இரண்டு பாதிக் கறுப்பு, ஒன்று முழுக் கறுப்பு. மரபுவழி நோய்களைப் பற்றிய பாடநூல்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் கண்காட்சி அட்டைகளிலும் இப்படத்தை வாசகர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். உயிரியல் மாணவர்கள் இதையே நான்கு கட்டங்களாக வரைந்து மதிப்பெண் பெறுகிறார்கள். தலசீமியா என்னும் இரத்த நோயைப் பொதுமக்களுக்கு விளக்க முற்படுவோரும் பெரும்பாலும் இப்படத்தில் தொடங்கி, இப்படத்திலேயே முடித்துவிடுகிறார்கள்.

படம் தவறானதன்று. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து மெண்டல் 1866இல் வெளியிட்ட விதிகளின் நேரான விளைவே அது. ஆனால் சரியான படம் ஒன்று தவறான எண்ணங்களை வளர்க்கவும் கூடும். ஒரு நூலைத் திறனாய்வு செய்வதைப் போல ஒரு படத்தையும் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஏனெனில் இப்படத்தைப் பார்த்தவர்கள் அதை வைத்து வாழ்க்கையில் முடிவுகள் எடுக்கிறார்கள். எந்த மாத்திரையை விழுங்குவது, யாரை மணப்பது, பிறந்த குழந்தையின் நோய்க்கு யாரைக் குறை சொல்வது என்பவை அம்முடிவுகளுள் சில.

இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த நான்கு கட்டங்களும் நிகழ்தகவுக் கணக்கு. கதிரியக்கத்தையும் வாயு மூலக்கூறுகளையும் கற்பிக்கும்போது நாங்கள் அன்றாடம் கையாளும் கணக்கும் அதுவே. அந்த உரிமையில் இப்படத்தின் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படத்தில் நோய் எங்கே?

முதற்குறை, நான்காவது குழந்தையைக் கறுப்பாக்கியதோடு படம் நின்றுவிடுவது. அக்குழந்தைக்கு என்ன நேர்கிறது என்று அது சொல்வதில்லை.

இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் நிறைந்துள்ளது. ஓர் அணுவுக்குள் மட்டும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு சங்கிலிகளால் ஆனது: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஆல்ஃபாச் சங்கிலியில் 141 அமினோ அமிலங்கள். பீட்டாச் சங்கிலியில் 146. நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டு சேர்ப்பது இந்த நான்கு சங்கிலிகளின் கூட்டு வேலை.

பீட்டாச் சங்கிலிக்குரிய மரபணு 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு உண்டு. இரண்டும் பழுதுபட்டால் பீட்டாச் சங்கிலி உற்பத்தி நின்றுபோகிறது, அல்லது மிகவும் குறைகிறது. அதுவே பீட்டா தலசீமியா.

சங்கிலி குறைவதால் ஹீமோகுளோபின் குறைகிறது என்பது பாதிக் கதைதான். ஆல்ஃபாச் சங்கிலிகள் வழக்கம்போல உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. துணை கிடைக்காத அவை அணுவுக்குள்ளேயே திரண்டு படிந்து, எலும்பு மஜ்ஜையில் உருவாகிவரும் சிவப்பணுவை வளர்வதற்கு முன்பே அழித்துவிடுகின்றன. உடலோ இரத்தம் போதவில்லை என்று மஜ்ஜையை மேலும் மேலும் முடுக்குகிறது. மஜ்ஜை பெருகுகிறது, எலும்புகள் விரிந்து மெலிகின்றன, முகத்தின் அமைப்பு மாறுகிறது, மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன. இத்தனை உழைப்பும் வீண்.

பிறந்த குழந்தையிடம் இவற்றில் எதுவும் தெரியாது. கருவில் இருக்கும்போதும் பிறந்த சில மாதங்கள் வரையும் பீட்டாவுக்குப் பதிலாகக் காமா என்னும் வேறொரு சங்கிலி பணிபுரிகிறது. அது விலகிப் பீட்டா பொறுப்பேற்க வேண்டிய காலத்தில், அதாவது ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள், குழந்தை வெளிறிச் சோர்ந்து வளர்ச்சி குன்றத் தொடங்குகிறது. 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி, பேர்ல் லீ என்பவருடன் இணைந்து விவரித்தது இத்தகைய குழந்தைகளையே. கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் ‘தலசா’ என்ற சொல்லிலிருந்து நோய்க்குப் பெயரிட்டவர்கள் 1930களில் விப்பிளும் பிராட்ஃபோர்டும். மத்தியதரைக் கடலோரக் குடும்பங்களில் முதலில் கண்டதால் அப்பெயர். கடலுக்கும் நோய்க்கும் வேறு தொடர்பு இல்லை.

சிகிச்சை, இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றுவது. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பை இரத்தத்துடன் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலில் சேர்கிறது. ஆண்டுக்கு 20 பை என்றால் 4 கிராம். நலமுள்ள பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பே ஏறத்தாழ அவ்வளவுதான்! மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. அது இதயத்திலும் கல்லீரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிந்து அவற்றைக் கெடுக்கிறது. ஆகவே இரும்பைப் பற்றி இழுத்து வெளியேற்றும் மருந்து நாள்தோறும் தேவைப்படுகிறது. முன்பு அது இரவெல்லாம் தோலுக்கடியில் சிறு பம்பு மூலம் செலுத்தும் ஊசி மருந்தாக மட்டுமே இருந்தது. இப்போது மாத்திரைகளும் உண்டு.

நோயிலிருந்து விடுவிக்கக்கூடியது எலும்பு மஜ்ஜை மாற்று. 1980களின் தொடக்கத்தில் வெளிநாடுகளில் இந்நோய்க்கு அதைச் செய்து காட்டினார்கள்; வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை அளித்து வருகிறது. ஆனால் திசு ஒத்துப்போகும் உடன்பிறப்பு வேண்டும்; ஓர் உடன்பிறப்பு முழுமையாக ஒத்துப்போகும் வாய்ப்பும் நான்கில் ஒன்றுதான். 2022இலும் 2023இலும் மேலை நாடுகள் மரபணு மருத்துவ முறைகளுக்கு ஒப்புதல் அளித்துள்ளன. அவற்றின் விலை 20 இலட்சம் டாலருக்கும் மேல். கறுப்பு வட்டத்துக்குள் அடங்கியிருக்கும் செய்தி இவ்வளவும்.

நான்கு குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள்?

இரண்டாவது குறை, படத்தில் சரியாக நான்கு குழந்தைகள் இருப்பது. அதைப் பார்க்கும் எளிய வாசகர் என்ன நினைப்பார்? ‘நான்கு பிள்ளை பெற்றால் ஒன்றுக்கு நோய் வரும், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்குப் பயமில்லை’ என்று நினைப்பார். இந்தத் தவறான ஆறுதல் பல வீடுகளில் இரண்டாவது நோயாளிக் குழந்தைக்குக் காரணமாகக் கூடும்.

கட்டங்கள் காட்டுவது குழந்தைகளை அல்ல, வாய்ப்புகளை. தாய் தன் இரண்டு மரபணுக்களுள் ஒன்றைத் தருகிறாள்; தந்தையும் அவ்வாறே. இரண்டு நாணயங்களைச் சுண்டுவது போன்ற செயல் இது. இரண்டிலும் பூ விழுந்தால் நோய். ஒவ்வொரு கருத்தரிப்பும் புதிய சுண்டல். நாணயத்துக்கு நினைவு கிடையாது. கதிரியக்க அணுக்கருவும் அப்படித்தான்: பக்கத்து அணுக்கரு இப்போதுதான் சிதைந்தது என்பதற்காக இது காத்திருப்பதில்லை; சிதைவதற்கான வாய்ப்பு ஒவ்வொரு நொடியும் அதே அளவில் இருக்கிறது.

பெற்றோர் இருவரும் பழுதுள்ள மரபணுவைத் தாங்குபவர்களாக உள்ள 256 குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பத்திலும் நான்கு குழந்தைகள் எனக் கொள்வோம். கணக்கின்படி சராசரியாக 81 குடும்பங்களில் நோயுற்ற குழந்தை ஒன்றும் இராது. 108 குடும்பங்களில் ஒன்று. 54 குடும்பங்களில் இரண்டு. 12 குடும்பங்களில் மூன்று. ஒரே ஒரு குடும்பத்தில் நான்கு குழந்தைகளும் நோயுற்றிருப்பர். படத்தில் வரைந்தது போல நான்கில் ஒன்று நோயுறும் குடும்பங்கள் பாதிக்கும் குறைவு!

நம் காலத்துக் குடும்பங்களில் இரண்டு குழந்தைகள்தாம். அப்போது 16 குடும்பங்களில் ஒன்பதில் நோயே தலைகாட்டாது. ‘எங்கள் பரம்பரையில் யாருக்கும் இப்படி ஒரு நோய் இருந்ததில்லை’ என்ற பேச்சு எவ்வளவு பொருளற்றது என்பதை இதிலிருந்து அறியலாம். பழுதுபட்ட மரபணு பல தலைமுறைகள் ஓசையின்றி இறங்கி வந்திருக்கும். இரண்டு வழிகள் ஒரு வீட்டில் சந்திக்கும்வரை அது வெளியே தெரியாது.

மாணவர்கள் செய்து பார்க்க ஒரு சிறு கணக்கு. தலசீமியா நோயாளி ஒருவருக்கு நோயில்லாத அக்காள் இருக்கிறாள். அவள் மரபணுவைத் தாங்குபவளாக இருக்கும் வாய்ப்பு என்ன? பலர் பாதி என்பார்கள். அவள் நோயாளி அல்லள் என்பது தெரிந்துவிட்டதால் நான்காவது கட்டத்தை நீக்கிவிட வேண்டும். எஞ்சிய மூன்றில் இரண்டு. ஆகவே விடை மூன்றில் இரண்டு. அவளுக்குத் திருமணம் பேசும்போது இரத்தப் பரிசோதனை ஏன் முதல் வேலை என்பதற்கு இந்த எண்ணே போதும்.

பாதிக் கறுப்பு யார்?

படத்தின் மிகப் பெரிய குறை இதுதான். பாதிக் கறுப்பாகத் தீட்டியவரைப் பார்ப்போர் அவரைப் பாதி நோயாளி என்றே கொள்வார்கள். போதாக்குறைக்கு அவருக்குத் தமிழில் ‘நோய் கடத்தி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். இயற்பியலில் கடத்தி என்றால் செம்பும் அலுமினியமும். சுகாதார நூல்களில் நோய் கடத்தி என்றால் கொசுவும் ஈயும். ஒரு மனிதரைக் கொசுவின் பெயரால் அழைத்துவிட்டு, ‘இது தொற்றுநோய் அன்று’ என்று அடுத்த வரியில் எழுதுவதால் பயன் என்ன? மரபணு தாங்குபவர் என்று சொன்னால் போதும். பொருளும் சரியாக இருக்கும்.

தாங்குபவர் நோயாளி அல்லர். அவருடைய நல்ல மரபணு ஒன்று உடலுக்குத் தேவையான வேலையைச் செய்துவிடுகிறது. அவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. ஓடலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம். அவருக்கு வயது ஏற ஏற இது நோயாக முற்றுவதும் இல்லை. சிவப்பணுக்கள் சற்றுச் சிறியவை. ஹீமோகுளோபின் அளவு சிறிது குறைவாக இருக்கலாம். அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சிறு குறைவே அவரைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது. ஹீமோகுளோபின் குறைவு என்றவுடன் இரத்தசோகை என்கிறோம். இரத்தசோகை என்றவுடன் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். ‘இரத்தம் ஊறும்’ என்று வீட்டிலும் சொல்வார்கள். நம் நாட்டில் சோகைக்குப் பெருங்காரணம் இரும்புக் குறைவே என்பது உண்மை. கீரையில் கெடுதல் எதுவும் இல்லை. ஆயினும் மரபணு தாங்குபவருக்கு அணுக்கள் சிறுத்திருப்பது இரும்பு இல்லாததால் அன்று, சங்கிலி குறைவதால். இரும்பு போதிய அளவில் உள்ள அவருக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்தாலும் அளவு ஏறாது. ‘எவ்வளவு சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லை’ என்று பழி உடம்பின் மேல் விழும். உண்மைக் காரணம் மட்டும் மறைந்தே கிடக்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய முதற்படியாக ஓர் எளிய வகுத்தல் கணக்கு உண்டு. 1973இல் மென்ட்சர் என்னும் அமெரிக்க மருத்துவர் அதனை வெளியிட்டார். சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளிலேயே சிவப்பணுவின் சராசரிப் பருமனும் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் இருக்கும். பருமனை (ஃபெம்டோ லிட்டரில்) எண்ணிக்கையால் (ஒரு மைக்ரோ லிட்டருக்கு இத்தனை பத்து இலட்சம் என்ற கணக்கில்) வகுக்க வேண்டும். ஒருவருக்குப் பருமன் 65, எண்ணிக்கை 55 இலட்சம் என்றால் 65 ÷ 5.5 = 11.8. இன்னொருவருக்குப் பருமன் 72, எண்ணிக்கை 42 இலட்சம் என்றால் 72 ÷ 4.2 = 17.1. விடை 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மரபணுவைச் சந்தேகிக்கலாம். மேலே வந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம். காரணம் தெளிவு: இரும்பு இல்லாத மஜ்ஜை சிறிய அணுக்களைக் குறைவாகச் செய்கிறது, மரபணு தாங்குபவரின் மஜ்ஜை சிறிய அணுக்களை ஏராளமாகச் செய்கிறது.

இது சல்லடை மட்டுமே, தீர்ப்பு அன்று. தீர்ப்புக்கு ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். வழக்கமாக 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அவர் பீட்டா தலசீமியா மரபணுவைத் தாங்குபவர். ஒருவருக்கு இரும்புக் குறைவும் இம்மரபணுவும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது ஏ2 அளவு தாழ்ந்து ஏமாற்றவும் கூடும். ஆகவே மருத்துவர் தந்த மாத்திரையை இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை பலன் தரவில்லையெனில் மேற்படி பரிசோதனையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

இருவருக்கும் ஒரே பழுதா?

படத்தில் தாய்க்கும் தந்தைக்கும் ஒரே எழுத்து, ஒரே நிறம். உண்மை இவ்வளவு எளிதன்று. பீட்டா மரபணுவில் பலவகைப் பழுதுகள் நேரலாம். வங்காளத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் ஹீமோகுளோபின் ‘ஈ’ என்ற மாற்றம் மிகுதி. பெற்றோரில் ஒருவருக்கு ‘ஈ’, மற்றவருக்குப் பீட்டா தலசீமியா என்றால், பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வரக்கூடும். ஒருவருக்கு அரிவாளணு மரபணு, மற்றவருக்குத் தலசீமியா மரபணு என்றாலும் குழந்தை நோயாளியாகலாம். அரிவாளணு இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான். 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் அதனை வெளியிட்டார்கள். ‘அவருக்கு இருப்பது வேறு, எனக்கு இருப்பது வேறு, ஆகவே பயமில்லை’ என்ற முடிவுக்குப் படம் இடம் கொடுத்துவிடுகிறது. ஆல்ஃபாச் சங்கிலிக்கோ இரண்டல்ல, நான்கு மரபணுக்கள். அதன் பழுதுகளை நான்கு கட்டங்களுக்குள் அடைக்கவே முடியாது.

பெற்றோர் எங்கிருந்து வந்தார்கள்?

படம் இரண்டு பாதிக் கறுப்பர்களில் தொடங்குகிறது. இவ்வளவு தீமை தரும் மரபணு ஏன் இத்தனை பேரிடம் இருக்கிறது, நோயுற்ற குழந்தைகளோடு அது அழிந்திருக்க வேண்டாமா என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை.

அக்கேள்விக்கு வழிகாட்டியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். தலசீமியா மரபணு ஒன்றை மட்டும் தாங்குபவருக்கு மலேரியாவைத் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் இருக்கலாம் என்ற கருத்தை அவர் 1949இல் அச்சில் வெளியிட்டார். பின்னர் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர். அரிவாளணுவுக்கு இத்தகைய பாதுகாப்பு உண்டென்று 1954இல் ஆப்பிரிக்காவில் ஆலிசன் காட்டினார். இத்தாலியின் சார்டீனியாத் தீவில் மலேரியா நிறைந்த தாழ்நிலக் கிராமங்களில் தலசீமியா மரபணு மிகுதியாகவும் உயர்ந்த மலைக் கிராமங்களில் குறைவாகவும் இருப்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். எனவே பாதிக் கறுப்பு என்று நாம் தீட்டியவர்களின் முன்னோர், மலேரியா ஊரை அள்ளிச் சென்ற காலத்தில் பிழைத்தவர்கள். அது குலத்தின் குற்றமும் அன்று, முன்வினையும் அன்று.

உறவில் திருமணம் செய்வதால்தான் இந்நோய் வருகிறது என்ற எண்ணத்தையும் இங்கே சீர்தூக்கலாம். இந்தியாவில் 100 பேரில் 3 முதல் 4 பேர் பீட்டா தலசீமியா மரபணுவைத் தாங்குபவர்கள் என்பது மதிப்பீடு. சில சமூகங்களில் இது மேலும் அதிகம். 25 பேரில் ஒருவர் எனக் கொண்டால், உறவில்லாத இருவர் மணக்கும்போது இருவருமே தாங்குபவர்களாக இருக்கும் வாய்ப்பு 625இல் ஒன்று. குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2,500இல் ஒன்று. நாட்டின் பிறப்புகளோடு பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 9,000 குழந்தைகள் என வரும். அந்நியத்தில் மணப்பது மட்டும் காப்பாகாது என்பது இதனால் விளங்கும். அதே வேளையில், தாங்குபவர் ஒருவருடைய அக்காள் மகளிடம் அதே மரபணு இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகளிடமும் மாமன் மகளிடமும் எட்டில் ஒன்று. 25இல் ஒன்றோடு இவற்றை ஒப்பிட்டால் உறவுத் திருமணத்தில் அபாயம் எவ்வளவு ஏறுகிறது என்பது தெரியும். உறவு நோயை உண்டாக்குவதில்லை. ஒளிந்திருப்பதைச் சந்திக்க வைக்கிறது.

படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால்

இனி முக்கியமான கேள்வி. மக்களிடம் இப்படத்தைக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? இதற்கு இரண்டு ஊர்களின் அனுபவம் நமக்கு இருக்கிறது.

கிரேக்க நாட்டில் ஆர்கொமெனோஸ் என்னும் ஊரில் அரிவாளணு மரபணு மிகுதி. மருத்துவர்கள் ஊராரின் இரத்தத்தைச் சோதித்து முடிவுகளை அறிவித்தார்கள். தாங்குபவர்கள் ஒருவரையொருவர் மணப்பதைத் தவிர்க்க அறிவுரை கூறினார்கள். சில ஆண்டுகள் கழித்து விளைவை ஆராய்ந்து ஸ்டமட்டோயன்னோபூலோஸ் 1970களில் வெளியிட்டார். தாங்குபவர் இருவர் மணந்துகொள்வது, சோதனையே நடக்காதிருந்தால் எவ்வளவு நிகழ்ந்திருக்குமோ அவ்வளவே நிகழ்ந்திருந்தது. தாங்குபவர்களின் மேல் ஒரு கறை படிந்துவிட்டது. திருமணம் தடைபடும் என்று அஞ்சிப் பலர் தம் சோதனை முடிவை மறைத்தார்கள். அறிவு கொடுத்தார்கள், அது அடையாளமாக மாறியது, அடையாளத்தை மக்கள் ஒளித்தார்கள்.

சைப்பிரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் பீட்டா தலசீமியா மரபணுவைத் தாங்குபவர். மேற்கண்ட கணக்கைச் செய்தால் ஏறத்தாழ 200 பிறப்புகளில் ஒரு குழந்தை நோயாளி. 1970களில் அங்கே திட்டமிட்டுப் பணி தொடங்கினார்கள். நோயுற்ற குழந்தைகளுக்கு நல்ல சிகிச்சை அளிப்பதையும் மக்களுக்கு விளக்குவதையும் சேர்த்தே செய்தார்கள். நோயாளிகளின் பெற்றோரும் முன்னின்றார்கள். 1983 முதல் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டுமென்று அந்நாட்டுத் திருச்சபை கேட்டது. கவனிக்க வேண்டியது, சான்றிதழில் இன்னார் தாங்குபவர் என்ற முடிவு எழுதப்படுவதில்லை. சோதனையும் ஆலோசனையும் முடிந்தன என்று மட்டுமே இருக்கும். முடிவு அந்த இருவருக்கும் உரியது. இருவருமே தாங்குபவர்கள் என்று தெரிந்த இணைகளுள் மிகப் பெரும்பாலோர் திருமணத்தைக் கைவிடவில்லை. மணந்துகொண்டு, கருவுற்ற தொடக்கத்தில் கருவைச் சோதித்தார்கள். நோயுள்ள கருவெனில் அதைத் தொடர்வதா என்பதைத் தாமே முடிவு செய்தார்கள். 1980களின் இறுதியில் புதிய நோயாளிப் பிறப்புகள் ஏறத்தாழ நின்றுபோயின. கருவைக் கலைப்பது எல்லோரும் ஒப்பும் வழி அன்று. அது அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. ஆயினும் அறிந்து முடிவெடுக்கும் உரிமை அங்கே பெற்றோருக்குக் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது.

இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் அறிவியல் மேதையின் பெயரையும் சொல்ல வேண்டும். அரிவாளணுச் சோகை மூலக்கூறில் நேர்ந்த மாற்றத்தால் வரும் நோய் என்று 1949இல் தம் குழுவினருடன் நிறுவியவர் லைனஸ் பாலிங். மின்புலத்தில் இருவகை ஹீமோகுளோபினும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டிய அந்தச் சோதனையை எந்த இயற்பியல் மாணவனும் வியந்து படிக்கலாம். அதே பாலிங் 1968இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இத்தகைய மரபணுவைத் தாங்கும் இளைஞர்களின் நெற்றியில் அடையாளம் பச்சை குத்தலாம் என்றார். ஒருவரையொருவர் பார்த்தவுடன் காதலிப்பதைத் தவிர்த்துவிடுவார்களாம்! துன்பத்தைத் தடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்த யோசனைதான். ஆனால் தாளில் பாதிக் கறுப்பாகத் தீட்டியதை மனித நெற்றியில் தீட்டுவது எங்கே கொண்டுவிடும் என்பதை ஆர்கொமெனோஸ் மக்களே காட்டிவிட்டார்கள். மூலக்கூறை அறிந்தவர் மனிதரையும் அறிந்திருப்பார் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

படத்தை எப்படித் திருத்தலாம்?

குறை சொல்வதோடு திறனாய்வு முடியக் கூடாது. நான்கு குழந்தைகளுக்குப் பதிலாக ஒரே ஒரு குழந்தையையும் இரண்டு நாணயங்களையும் வரையலாம். அடியில் ‘ஒவ்வொரு முறையும் புதிதாக’ என்று எழுதலாம். தாங்குபவரைப் பாதிக் கறுப்பாக்காமல், முழு வெள்ளையாக வரைந்து உள்ளே ஒரு சிறு புள்ளி வைத்தால் போதும். பெற்றோர் இருவருக்கும் வெவ்வேறு நிறப் புள்ளிகள் இருக்கலாம் என்று காட்டலாம். பெற்றோருக்கு மேலே தாத்தா பாட்டியரையும் வரைந்து, நோயாளி ஒருவர்கூட இல்லாத குடும்பத்தில் புள்ளி மட்டும் இறங்கி வருவதைக் காட்டலாம். ஆசிரியர்கள் வகுப்பில் மாணவர்களை இருவர் இருவராக நாணயம் சுண்டச் செய்து, 16 குடும்பங்களின் கணக்கை அவர்களே எழுதும்படி செய்தால் பாடமும் விளங்கும், வாழ்க்கைக்கும் உதவும்.

படத்தில் சரியாக அமைந்த ஒன்றைப் பாராட்டியும் ஆக வேண்டும். அதில் தாய் மட்டும் இல்லை, தந்தையும் இருக்கிறார். இருவரிடமிருந்தும் வராமல் இந்நோய் வராது. நோயுற்ற குழந்தை பிறந்தால் ‘வந்தவளின் இரத்தம் சரியில்லை’ என்று மருமகளைக் குறை கூறும் வீடுகளில் இப்படத்தை மாட்டி வைக்கலாம்.

கல்லூரியில் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாழ்நாளில் ஒருமுறை, திருமணப் பேச்சு தொடங்கும் முன்பே, ஆண் பெண் இருபாலரும் இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். முடிவு எதுவானாலும் அது உங்களை நோயாளியாக்காது. சைப்பிரஸ் மக்களைப் போல அதை அஞ்சாமல் பேசப் பழகிவிட்டால், அந்த நான்காவது கட்டத்தில் ஒரு குழந்தை தெரியாமல் வந்து விழ வேண்டியதில்லை.